வளரும் எடைக்கல்

அத்தியாயம் 1

"மேடம், எடைக்கல் வளருதுன்னு சொன்னார்," என்றாள் அந்தப் பெண்.

உதவியாளன் சில்லறை வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. பன்னிரண்டு வருடமாக இந்த வரி அலுவலகத்தில் அவன் கேட்காத கதை கிடையாது. இதை மட்டும் கேட்டதில்லை.

"யார் சொன்னது?" என்றார் மேடம்.

"என் வீட்டுக்காரர். ஒரு மாசமாவே அவருக்குத் தூக்கம் இல்ல. போன திங்கக்கிழமை படுக்கையில எழுந்து உக்காந்துட்டு, 'எடைக்கல் வளருதுடி, நான் என்ன பண்ணுவேன்'னு அழுதார். செவ்வாய் காலையில வேலைக்குக் கிளம்பினவர்தான். இன்னையோட ஏழு நாள் ஆச்சு."

அவளுடைய கணவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் டெக்னீஷியன். சாமான் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்கிறது கம்பெனி. அந்தப் புகாரை வாங்கிக்கொண்ட போலீஸ், இவளுடைய புகாரை வாங்கவில்லை.

"எங்ககிட்ட ஏன் வந்தீங்கம்மா? நாங்க வரிக்காரங்க. ஆளைத் துரத்துவோம், தேடிக் குடுக்க மாட்டோம்," என்றான் சில்லறை.

அவள் நான்காக மடித்த ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். 'புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும்.' கீழே மேடத்தின் கையெழுத்து. மேடம் அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். இந்த முறை அது அவருக்கேதான் என்று சில்லறைக்குப் பட்டது.

மேடத்துக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் சல்லடை. ஆராய்ச்சி செய்யும் கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரியைக் குறைக்கிறது. உடனே ஊரில் உள்ள அத்தனை கம்பெனியும் விஞ்ஞானி ஆகிவிட்டது. சுவருக்குப் பெயின்ட் மாற்றியவன்கூட 'வண்ண ஆராய்ச்சி' என்று மனு போடுகிறான். அவற்றைச் சலித்து, எது ஆராய்ச்சி, எது வெறும் அன்றாட வேலை என்று பிரிப்பதுதான் மேடத்தின் பிழைப்பு. வாய் ஓயாமல் கலகலத்துக்கொண்டே இருப்பதால் அவருடைய உதவியாளனுக்குச் சில்லறை என்று பெயர். நாற்பத்தோரு வயதில், ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவான பிறகும், அந்தப் பெயர் அவனை விடவில்லை.

மேடம் எந்த மனுவிலும் இரண்டே கேள்விதான் கேட்பார். வேலையைத் தொடங்கும்போது விடை தெரியாமல் இருந்ததா? தெரிந்துகொள்ள முறையாகச் சோதித்தார்களா? அதையும் முதலாளியிடம் கேட்க மாட்டார். வேலை செய்த கையைக் கூப்பிட்டுக் கேட்பார். அப்படிக் கூப்பிட்ட கைதான் இப்போது காணாமல் போயிருக்கிறது.

"நான் கூப்பிட்டேன். வர்றதுக்கு முதல் நாள் ஆளைக் காணோம்," என்றார் மேடம், தனக்குத்தானே சொல்வது மாதிரி. "வண்டிய எடுய்யா."

"நானும் வர்றேன்," என்று எழுந்தாள் அவள். அவளை யாரும் தடுக்கவில்லை.

கம்பெனி ஊருக்கு வெளியே இருந்தது. முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, அளந்து வைத்த புன்னகை. பக்கத்தில் அவருடைய ஆடிட்டர், கையில் கத்தை கத்தையாகப் பேப்பர்.

"பதினோரு டெக்னீஷியன், பதினோரு சோதனைப் புத்தகம் மேடம். போன மாசமே நகல் குடுத்தோம். இது நேத்து வரைக்கும் உள்ள அசல்," என்று ஆடிட்டர் புத்தகங்களைச் சில்லறையின் கைகளில் அடுக்கினார். "லிஃப்ட்ல இருக்கிற கருவியே ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிஞ்சு அச்சடிச்சுடும். சோதனைக்கு ஆன ஒரு செலவையும் நான் விடல. டெக்னீஷியன் பஸ் டிக்கெட்டைக்கூடப் பின் அடிச்சு வெச்சிருக்கேன்."

"ஒரு டீ, ஒரு பன் பில்லும் சேர்த்திருக்கலாம் சார். ஆராய்ச்சிக்குப் பசிக்கும்ல," என்றான் சில்லறை. புத்தகக் கட்டு அவன் மோவாய் வரை வந்திருந்தது.

ஆடிட்டர் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் சேர்த்துவிடலாமா என்று யோசிப்பவர் போல் இருந்தது அவர் முகம்.

"என்ன ஆராய்ச்சி? சொல்லுங்க," என்றார் மேடம்.

"புது பிரேக் மேடம்," என்றார் முதலாளி. "உள்ள உராயற பட்டை பழசுல பாதி விலைதான். ஆனா தொடர்ந்து ஓடிச் சூடானா பிடிக்குமா, நழுவுமான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அது ஆராய்ச்சியே இல்லையே. உங்க விதியே அப்படித்தானே?"

பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் பார்ப்பது போல ஆடிட்டர் அவரைப் பெருமையாகப் பார்த்தார்.

"மனுவுல அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? தெரியாதுன்னு?"

"ஒவ்வொரு பக்கத்துலயும்."

"சோதனை எங்க நடக்குது?"

முதலாளி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். முற்றத்தில் ஆறு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம் நின்றது. உள்ளே ஒரு லிஃப்ட் கூண்டு. அடியில் எடைக்கற்கள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ.

மேடம் கோபுரத்தைச் சுற்றி வந்தார். தண்டவாளத்தில் விரலை வைத்துத் தேய்த்தார், கிரீஸ் இல்லை. எடைக்கல்லின் பெயின்ட் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படியோ அப்படியே மினுமினுத்தது. சில்லறை அண்ணாந்து பார்த்தான். உச்சியில், கயிறு ஓடவேண்டிய சக்கரத்தின் மேல், குருவிக்கூடு. நான்கு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டம் சார்?" என்று கேட்டான்.

"நூத்தம்பதுக்குக் குறையாது."

"குருவிக்குத் தலை சுத்தலையா?"

அப்போதுதான் முதலாளியின் புன்னகை ஒரு நூல் அளவு சுருங்கியது. அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஓடிப்போன டெக்னீஷியன் வீட்டம்மா உங்க கார்ல உக்காந்திருக்காங்க போல," என்றார் மெதுவாக. "பாவம். திருட்டுக் கேஸ்ல அவங்களையும் சேர்க்க வேண்டாம்னுதான் நான் போலீஸ்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இதுவரைக்கும்."

 மேடம் காருக்குத் திரும்பினார்.

கேட்டைத் தாண்டியதும் சில்லறை பேச ஆரம்பித்தான். "கேஸ் முடிஞ்சுது மேடம். சோதனையே நடக்கல. புத்தகம் பூராவும் கப்சா. உண்மையச் சொல்லிடுவாருன்னு இந்தம்மா வீட்டுக்காரரை எங்கயோ…" கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வாக்கியத்தை விழுங்கிக்கொண்டான்.

"அவரோட புத்தகத்தை மட்டும் எடுத்துப் படி," என்றார் மேடம். "நான் ஓட்டறேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். சில்லறை புத்தகத்தைப் பிரித்தான். நேரம், ஏறியதா இறங்கியதா, எத்தனையாவது மாடி, கூண்டில் எத்தனை கிலோ, நின்ற பிறகு எத்தனை மில்லிமீட்டர் நழுவியது. பக்கம் பக்கமாக எண்கள்.

"படிக்கிறேன், கேளுங்க. ஏழு நாப்பது, இறக்கம், அறுபத்தொண்ணு கிலோ. ஏழு நாப்பத்தேழு, இறக்கம், நூத்து முப்பத்துநாலு. ஏழு அம்பத்திரண்டு, இறக்கம், எழுபத்தெட்டு."

"அங்க கல்லு ஒவ்வொண்ணும் எத்தனை கிலோ?"

"இருபத்தஞ்சு." அவன் நிறுத்தினான். "அறுபத்தொண்ணு எப்படி வரும்? அம்பது வரும், எழுபத்தஞ்சு வரும். கப்சா விடறவன் கல்லுக் கணக்குக்குப் பொருந்தற மாதிரிதானே விடுவான்?"

"அதான் எனக்கும் உறுத்துது. பொய்க்கு இவ்வளவு அலங்கோலம் வராது. மேல படி."

அவன் புரட்டினான். காலையில் எல்லாம் இறக்கம். சாயங்காலம் எல்லாம் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை ஓட்டமே இல்லை.

"ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்கற எடைக்கல் மேடம் இது," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே அது சிரிப்பாக இல்லை. விரல் ஒரு வரியில் நின்றது. "இங்க ஒண்ணு தினமும் வருது. எட்டு பத்து, ஏழாவது மாடியிலேர்ந்து இறக்கம், இருபத்தஞ்சு கிலோ. மூணு நாப்பதுக்கு அதே எடை ஏறுது. வார நாள் மட்டும். ஒரே ஒரு கல்லா?"

"ஞாயித்துக்கிழமை?"

"இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இறங்குது. ஆனா இருபத்திரண்டு." "மூணு கிலோ குறையுது."

"எங்க போச்சு அந்த மூணு கிலோ?"

சில்லறை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். தினமும் காலையில் அந்த மூன்று கிலோவை அவன்தான் தன் மகளின் தோளில் மாட்டிவிடுகிறான். இவ்வளவு பாரத்தை ஒரு குழந்தை எப்படிச் சுமக்கும் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டைகூடப் போட்டிருக்கிறான்.

"ஸ்கூல் பை," என்றான். "மேடம், இது கல்லு இல்ல. ஆளுங்க. கோபுரத்துக்கு ஏழாவது மாடியே கிடையாது, யாரோ குடியிருக்கிற கட்டடம் இது. காலையில வேலைக்குப் போறாங்க, சாயங்காலம் வர்றாங்க. புத்தகத்துல பொய்யே இல்ல. எல்லாம் நிஜச் சோதனை."

பின் சீட்டில் இருந்தவள் முன்னால் குனிந்தாள். "அப்போ வளருதுன்னது?"

சில்லறை கடகடவென்று பக்கங்களைத் தள்ளினான். முதல் மாதம் எட்டு பத்துக்கு இருபத்தைந்து. மூன்றாம் மாதம் இருபத்தாறு. ஐந்தாம் மாதம் இருபத்தேழு. இரும்பு வளராது. குழந்தை வளரும். அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட்டுப் போட்டு, முகம் தெரியாத ஒரு குழந்தை வளர்வதைப் பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே நழுவல் கட்டமும் வளர்ந்திருந்தது. நான்கு மில்லிமீட்டர். பதினைந்து. எண்பது.

"போன திங்கக்கிழமை எட்டு பத்து," என்று படித்தான். "இருபத்தேழு கிலோ. நழுவல் முந்நூத்துப் பத்து."

"ஒரு அடி," என்றார் மேடம். "செவ்வாய்க்கிழமை?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"எட்டு பத்து வரியே இல்ல மேடம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நேத்து. அஞ்சு பள்ளிக்கூட நாள். மத்த எல்லாரும் ஏறி இறங்கறாங்க. அந்தக் குழந்தை மட்டும் வரல. இவங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் வரல."

ஒரே நாளில் ஒரு குழந்தையும் ஒரு மனிதரும் இல்லாமல் போயிருக்கிறார்கள். சில்லறைக்குத் தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து உடனே அழைத்து வந்துவிட வேண்டும் போல் இருந்தது. சொல்லப்போனால் அழுகையே வந்தது.

"எந்தக் கட்டடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"புண்ணியவான் ஆடிட்டர் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கார்," என்றார் மேடம். "முற்றத்துல இருக்கிற கோபுரத்துக்குப் போக எதுக்குய்யா பஸ் டிக்கெட்?"

சில்லறை கடைசிப் பக்கத்தில் பின் அடித்திருந்த டிக்கெட்டுகளைப் பிய்த்தான். எல்லாம் ஒரே பஸ், ஒரே நிறுத்தம். மனுவின் கனத்தைக் கூட்டுவதற்காக ஆடிட்டர் சேர்த்த காகிதம்.

அந்த நிறுத்தத்தில் எட்டு மாடி உயரத்தில் இருந்தது ஒரே கட்டடம்தான். கீழே மருந்துக்கடை, மேலே ஏழு மாடி வீடுகள். மூன்று மணி ஐம்பது நிமிடம். வாசலில் காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்டின் கதவு திறந்தே நின்றது. உள்ளே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ். 'இந்த லிஃப்டில் இலவசமாகப் பொருத்தப்பட்ட புதிய பிரேக் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது.' ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. முதலாளியின் கையெழுத்து, மனுவில் இருந்த அதே சுழி.

காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் லிஃப்டுக்குள் காலை வைத்தார். சில்லறை குறுக்கே பாய்ந்து நின்றான்.

"ஏறாதீங்கம்மா. ஏழாவது மாடியில ஒரு சின்னப் பொண்ணு இருக்கா, ஸ்கூல் போறவ. அவ…" அதற்கு மேல் அவனால் கேட்க முடியவில்லை.

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டார் அந்த அம்மாள். "புது வாட்ச்மேனும் இதையேதான் சொல்றான். ஏறாதே, ஏறாதேன்னு. வந்து ஒரு வாரம்தான் ஆகுது, லிஃப்ட்டை நாலு தடவை நிறுத்திட்டான். பத்து நிமிஷத்துல கம்பெனிக்காரங்க வந்து ஓடவிட்டுட்டுப் போறாங்க. அவங்களைக் கண்டா இவன் ஒளிஞ்சுக்கறான். அவ அம்மா மட்டும் அவன் பேச்சக் கேட்டுக்கிட்டா. அந்தப் பொண்ணை முதுகுல தூக்கிட்டு ஏழு மாடி ஏறுறான். கிறுக்கன்."

மேலே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வியர்வையில் நனைந்த சட்டையோடு, ஏழு நாள் தாடியோடு, ஒரு மனிதர் இறங்கி வந்தார். கடைசிப் படியில் மனைவியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான் சில்லறை. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"போனை அவங்க வாங்கிக்கிட்டாங்க. வீட்டுக்குப் போனா உன்னையும் கேஸ்ல சேர்ப்போம்னாங்க. வெறும் நம்பர்னு நெனச்சுத்தான் அஞ்சு மாசம் கையெழுத்துப் போட்டேன். கட்டடம் காலின்னாங்க, பின்பக்கப் படியில ஏறி நான் பாக்கிறது மேல இருக்கிற மெஷின் ரூம் மட்டும்தான். அப்புறம் அந்தக் கல்லு வளர ஆரம்பிச்சுது." அவர் மேடத்தைப் பார்த்தார். "எத்தனையோ சொன்னேன் மேடம். யாரும் நம்பல. உள்ள சான்றிதழ் மாட்டியிருக்கேங்கறாங்க."

மேடம் லிஃப்டுக்குள் நுழைந்தார். கதவு மூடாமல் இருக்க சில்லறை தன் காலை விளிம்பில் வைத்தான். அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் முதலாளி.

"உங்க மனு விஷயமா ஒரு வார்த்தை. கோபுரத்துல குருவிக்கூடு இருக்கு. சோதனையே நடக்கலன்னு எழுதட்டுமா?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு, நிம்மதியான சிரிப்பு. "எழுதிக்குங்க மேடம். ஆடிட்டர் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. மனுவ வாபஸ் வாங்கிக்கறேன், அபராதமும் கட்டிடறேன். ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணும் இல்ல. வழக்கமான வேலைதான்."

டெக்னீஷியனின் முகம் விழுந்துவிட்டது. சில்லறைக்கும் புரிந்தது. ஆராய்ச்சியே இல்லை என்று எழுதினால் அந்த ஆள் ஒரு சின்னப் பொய்யோடு தப்பிவிடுவார். அபராதத்தைக் கட்டிவிட்டுப் புன்னகையைப் பழைய அளவுக்கு விரித்துக்கொள்வார்.

"அப்போ பிரேக் பிடிக்குமான்னு உங்களுக்கு விடை தெரியும்?" என்றார் மேடம்.

"நூத்துக்கு நூறு பிடிக்கும் மேடம்."

"நல்லது. அந்த பிரேக் போட்ட லிஃப்டுக்குள்ளதான் நான் இப்ப நிக்கறேன். உங்க சான்றிதழ் என் தலைக்கு மேல இருக்கு. என்கூட அஞ்சு பேர் இருக்காங்க. மத்தியானம் பூரா ஓடியிருக்கு, நல்லாச் சூடாயிருக்கும். ஏழாவது மாடிக்கு அழுத்தறேன்."

உள்ளே அவர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய விரல் நிஜமாகவே ஏழின் மேல் இருந்தது. சில்லறை காலை எடுக்கவில்லை.

"மேடம்," என்றது போன். அந்தக் குரலில் புன்னகை இல்லை. "மேடம், அழுத்தாதீங்க. தயவுசெஞ்சு இறங்கிடுங்க. எல்லாரையும் இறக்கிடுங்க."

காய்கறிப் பை தரையில் சாய்ந்தது. அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேடம் லிஃப்டை விட்டு வெளியே வந்து, பையிலிருந்து மனுவை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினார். விடை தெரியாத கேள்வியா? ஆம். முறையான சோதனையா? ஆம். முடிவு: முழுத் தகுதி உண்டு.

"உங்க மனு பாஸாயிடுச்சு," என்று போனில் சொன்னார். "பாதுகாப்பானதுன்னு சான்றிதழ் மாட்டின அன்னைக்கு உங்களுக்கு விடை தெரியாதுன்னு இனிமே அரசாங்கமே சாட்சி."

முதலாளி கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"மேடம், நீங்க இருக்கிறது எந்தக் கட்டடம்?"

மேடம் டெக்னீஷியனைப் பார்த்தார். அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் மேடம். நாங்க பதினோரு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாதுன்னு உத்தரவு."

சில்லறை அதற்குள் காருக்கு ஓடியிருந்தான். பின் சீட்டில் மீதிப் பத்துப் புத்தகங்களும் அப்படியே கிடந்தன. மேலே இருந்ததைப் பிரித்து, நேற்றைய தேதியைத் தேடி, காலை எட்டு மணிக்கு மேல் விரலை ஓட்டினான்.

எட்டு ஐந்து, இறக்கம், பத்தொன்பது கிலோ. நழுவல் இருநூற்றுத் தொண்ணூறு.